ஐயத்துக்குப் பதினேழாம் பக்கம்

உலக அரசியலைப் பற்றிய செய்திகளுக்குள் பரப்புரை அப்பட்டமான பொய்யாக நுழைவது அரிது; உயர்பதவியில் இருக்கும் ஒருவர் உண்மையிலேயே சொன்ன ஒரு கூற்றை, மதிப்புமிக்க நாளிதழ் ஒன்று சொன்னது சொன்னபடி அச்சிடுகிறது என்ற தோற்றத்திலேயே அது பெரும்பாலும் நுழைகிறது. ஓர் அரசோ அமைப்போ தன் திட்டத்துக்கு மக்களின் இசைவைப் பெறுவதற்காகத் தகவல்களைத் தேர்ந்தும் மறைத்தும் திரித்தும் பரப்புவது பரப்புரை எனப்படுகிறது. எவருடைய ஆணையும் இல்லாமல், யாரிடம் கேட்பது, எதை முன்னே வைப்பது, எதைப் பின்பக்கத்துக்குத் தள்ளுவது என்பன போன்ற செய்தியறைப் பழக்கங்களாலேயே ஒரு பக்கம் கனத்துப்போவது ஊடகச் சார்பு எனப்படுகிறது. இவ்விரண்டும் வேறானவை என்றாலும், பின்னது இல்லாத இடத்தில் முன்னதால் நெடுநாள் நிலைக்க முடிவதில்லை என்பதற்கு, 2002 செப்டம்பர் முதல் 2003 ஏப்ரல் வரை ஈராக்கைப் பற்றி அமெரிக்க ஊடகங்கள் வெளியிட்டவற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அச்செய்திகளை வெளியிட்ட நாளிதழ்களே பின்னர் தம் பக்கங்களைத் தாமே ஆராய்ந்து அறிக்கை தந்திருப்பதால், நடந்தது என்ன என்பது இங்கு ஊகமாக அன்றிப் பதிவாகவே இருக்கிறது.

இக்குறைபாடு ஈராக்கோடு பிறந்ததும் அன்று. ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் மூன்றாண்டுகளில் வெளியிட்ட செய்திகளைத் தொகுத்துப் படித்த வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்னும் இதழாளர்கள் இருவர், 1920 ஆகஸ்டில் நியூ ரிபப்ளிக் இதழின் இணைப்பாக ஓர் ஆய்வை வெளியிட்டனர். போல்ஷெவிக் ஆட்சி கவிழ்ந்துவிட்டது அல்லது கவிழும் நிலையில் இருக்கிறது என்று 1917 நவம்பர் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் அந்நாளிதழ் 91 முறை எழுதியிருந்ததை அவர்கள் எண்ணிக் காட்டினர். அந்த ஆட்சியோ 1991 வரை நீடித்தது. அவர்கள் கண்ட காரணம் சதி அன்று. எது நடக்கவேண்டும் என்று செய்தியாளர்களும் ஆசிரியர்களும் விரும்பினார்களோ, அதையே அரசு வட்டாரங்களும் பெயரற்ற தகவலாளர்களும் சொன்னபோது, சரிபார்க்கும் கடமை தளர்ந்துபோனது என்பதே அவர்கள் முடிவு. மெர்ஸ் பின்னாளில் அதே நியூயார்க் டைம்ஸின் தலையங்கப் பக்கத்துக்கு இருபதாண்டுகளுக்கும் மேல் ஆசிரியராக இருந்தவர். ஆகவே இப்படியொரு நோய் இருப்பதே தெரியாது என்று சொல்லிக்கொள்ள அந்நிறுவனத்துக்கு வழியே இல்லை.

ஹலப்ஜாவும் குவைத்தும்

ஒரே கொடுமை, யார் செய்தார் என்பதைவிட எப்போது செய்தார் என்பதைப் பொறுத்துப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியக்கூடும். சதாம் உசேனின் படை 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்னும் குர்து நகரத்தின் மீது நச்சு வாயுக் குண்டுகளை வீசி ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றபோது, ஈரானுடன் போரிட்டுக்கொண்டிருந்த ஈராக்குக்கு அமெரிக்கா துணைநின்ற காலம் அது என்பதால், அமெரிக்க வெளியுறவுத் துறை ஈரானுக்கும் அதில் பங்குண்டு என்று கூறிப் பழியைப் பகிர்ந்தளித்தது. செய்தியும் விரைவில் மங்கியது. அதே ஹலப்ஜா, பதினான்கு ஆண்டுகள் கழித்துப் படையெடுப்புக்கு நியாயம் தேடப்பட்டபோது, உரைக்கு உரை, தலையங்கத்துக்குத் தலையங்கம் திரும்பத் திரும்ப நினைவூட்டப்பட்டது. மக்கள் எப்படிச் சிந்திக்கவேண்டும் என்பதைவிட எதைப் பற்றிச் சிந்திக்கவேண்டும் என்பதை ஊடகங்கள் முடிவுசெய்வதை ஆய்வாளர்கள் 'நிகழ்ச்சிநிரல் அமைத்தல்' என்பர். இங்கு அந்த நிரலை எழுதியது வெளியுறவுக் கொள்கையே. இறந்தவர்களின் எண்ணிக்கை 1988-லும் அதுதான்.

ஈராக் 1990 ஆகஸ்டில் குவைத்தைக் கைப்பற்றிய பிறகு நடந்ததை ஒத்திகை என்றே கொள்ளலாம். அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், நயிரா என்று மட்டும் அறிமுகப்படுத்தப்பட்ட 15 வயதுப் பெண் ஒருவர், குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர்களிலிருந்து எடுத்துத் தரையில் கிடத்திச் சாகவிட்டதைத் தாம் கண்டதாகக் கண்ணீருடன் கூறினார். அவர் பேசிய மன்றம், காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் தாமாகக் கூடி அமைத்துக்கொண்ட மனித உரிமைக் குழுவே தவிர, சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சியம் பெறும் முறையான அவைக்குழு அன்று. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் அக்கதையைப் பலமுறை எடுத்துரைத்தார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அதைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டு பின்னர் திரும்பப் பெற்றது. 1991 ஜனவரியில் செனட் 52-க்கு 47 என்ற நூலிழை வேறுபாட்டில் போருக்கு ஒப்புதல் தந்த விவாதத்திலும் அது மேற்கோளாயிற்று. அப்பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதையும், குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்புக்காக ஹில் அண்டு நோல்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம் நடத்திய பெரும் இயக்கத்தின் ஒரு பகுதியே அந்தச் சாட்சியம் என்பதையும் ஜான் மெக்ஆர்தர் என்னும் இதழாளர் 1992 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தபோது, போர் முடிந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. பேசியவர் யாருடைய மகள் என்ற ஒற்றைக் கேள்வியை அக்டோபர் 10 அன்றே கேட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் சுற்று

பரப்புரையின் இயக்கத்தை ஒரே நாளில் முழுமையாகக் காணவேண்டுமானால் 2002 செப்டம்பர் 8-ஐப் பார்க்கவேண்டும். அன்று காலை நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில், ஜூடித் மில்லரும் மைக்கேல் கார்டனும் எழுதிய செய்தி ஒன்று, ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளுக்கானவை என்று அமெரிக்க அதிகாரிகள் நம்புவதாகத் தெரிவித்தது. அவ்வதிகாரிகளில் பெரும்பாலோர் பெயர் குறிக்கப்படாதவர்கள். அதே நாள் துணைக் குடியரசுத் தலைவர் டிக் செனி என்பிசி தொலைக்காட்சியில் தோன்றி, குழாய்களைப் பற்றி அன்றைய நியூயார்க் டைம்ஸிலேயே செய்தி வந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். பாதுகாப்பு ஆலோசகர் கான்டலீசா ரைஸ் சிஎன்என்னில் அணுகுண்டின் காளான் மேகத்தை எடுத்துக்காட்டி எச்சரித்தார். வெளியுறவு அமைச்சர் காலின் பவெலும் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் அன்று வேறு இரு தொலைக்காட்சிகளில் இருந்தனர். ஆக, அரசின் உள்ளிருந்து பெயரின்றிப் புறப்பட்ட ஒரு கூற்று நாளிதழின் நற்பெயரை அணிந்துகொண்டு அதே அரசின் வாய்க்கே திரும்பி, நாடு முழுவதும் சான்றாக ஒலித்தது. பொதுமக்களின் கண்ணுக்கு அரசு ஒரு சாட்சி, நாளிதழ் இன்னொரு சாட்சி என இரண்டு சாட்சிகள் தெரிந்தன. உண்மையில் இருந்தது ஒன்றே.

அக்குழாய்களைப் பற்றி அரசுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருந்ததுதான் இச்செய்தியின் மையத்தில் விடுபட்ட உண்மை. மையவிலக்குக் கருவிகளைக் கட்டியும் இயக்கியும் பழகிய எரிசக்தித் துறை வல்லுநர்கள், 81 மில்லிமீட்டர் விட்டமுடைய அக்குழாய்கள் ஈராக் ஏற்கெனவே செய்துவந்த பீரங்கி ராக்கெட்டுகளுக்கே பொருந்துவன என்று முன்னரே கூறியிருந்தனர். வெளியுறவுத் துறையின் புலனாய்வுப் பிரிவும் அவர்கள் பக்கம் நின்றது. மாற்றுக் கருத்தின் சாயல் ஐந்து நாள் கழித்து அதே நாளிதழின் உட்பக்கத்தில், அரசின் மேல்மட்டம் அதை ஏற்கவில்லை என்ற உறுதிமொழியோடு சேர்ந்து வந்தது. முதல் பக்கத்தில் வந்ததை நாடு படித்தது. உட்பக்கத்தில் வந்ததைத் துறை சார்ந்தவர்கள் படித்தனர்.

அறிந்தவரின் சொல்லைவிடப் பதவியில் இருப்பவரின் சொல் ஏன் எடைகூடியது என்பதற்கு அரசியல் அறிவியலர் லான்ஸ் பென்னட் 1990-இல் முன்வைத்த கருத்து விடையளிக்கிறது. செய்தி ஊடகங்கள், ஒரு பொருள் பற்றி அதிகார வட்டத்துக்குள் எவ்வளவு அகலமான விவாதம் நடக்கிறதோ அவ்வளவு அகலமான கருத்துகளுக்கே இடம் தருகின்றன என்பது அவர் கண்டறிந்தது. இரு தரப்பையும் கேட்பது நடுநிலை என்று இதழியல் பள்ளிகள் கற்பிக்கின்றன. அந்த இரு தரப்பு என்பது அமெரிக்காவில் இரு கட்சிகளாகவே சுருங்கியிருந்ததால், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் செனட்டர்களில் பெரும்பகுதியினர் 2002 அக்டோபரில் போர்த் தீர்மானத்துக்கு வாக்களித்து, செனட்டில் அது 77-க்கு 23 என நிறைவேறியபோது, மறுதரப்பு என்று ஒன்று இருப்பதாகவே செய்தியறைகளுக்குத் தோன்றவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் பல நகரங்களில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியும் கூட, அவர்கள் செய்தியில் காட்சியாக வந்தார்களே ஒழியக் கருத்தாக வரவில்லை. ஊடகக் கண்காணிப்பு அமைப்பான ஃபேர், ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிப் பவெல் 2003 பிப்ரவரி 5 அன்று ஐநாவில் பேசியதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் நான்கு தேசியத் தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளில் ஈராக் பற்றிப் பேசவைக்கப்பட்ட 393 பேரைக் கணக்கெடுத்தபோது, போர் எதிர்ப்பு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் மூவர் மட்டுமே இருந்தனர்.

எல்லோரும் ஏமாந்தார்களா?

அன்று எல்லோருமே ஏமாந்தார்கள் என்பது பின்னாளில் பல ஆசிரியர்கள் சொன்ன சமாதானம், அது உண்மையன்று. நைட் ரிடர் என்ற நாளிதழ்க் குழுமத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஜான் வால்காட்டின் தலைமையில் பணியாற்றிய ஜோனதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் ஆகியோரும், வியட்நாம் போரைக் களத்தில் நின்று எழுதிய மூத்த செய்தியாளர் ஜோ கேலவேயும் 2002 இலையுதிர்காலத்திலேயே, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதற்கு உறுதியான சான்றில்லை என்று புலனாய்வு வல்லுநர்கள் கருதுவதையும், ஆய்வறிக்கைகளை அரசின் விருப்பத்துக்கேற்ப எழுதுமாறு நெருக்கடி இருப்பதையும் தொடர்ந்து எழுதினர். அவர்களிடம் கூடுதலான இரகசிய ஆவணம் எதுவும் இருக்கவில்லை. அமைச்சர்களும் அவர்களின் ஆலோசகர்களும் நியூயார்க் டைம்ஸுக்கே தொலைபேசியில் பேசினார்களாதலால், அக்குழுவினர் அலுவலகப் படிநிலையின் நடுவில் இருந்த, கோப்புகளை நேரடியாகக் கையாண்ட அதிகாரிகளைத் தேடிச் சென்றனர். உண்மை அங்கேதான் இருந்தது. வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ அக்குழுமத்துக்கு நாளிதழ் இல்லை என்பதால் ஆட்சியாளர்களின் காலை மேசைக்கு அவர்கள் எழுத்து வந்து சேரவில்லை. குழுமத்தின் சொந்த நாளிதழ்களே சில வேளைகளில் அவற்றை வெளியிடத் தயங்கின, ஏனெனில் பெரிய நாளிதழ்களில் அப்படி எதுவும் வரவில்லையே என்பது அவற்றின் ஐயம். சரியாக எழுதியவர்களுக்குக் கிடைத்த தண்டனை இது. இதழியல் வரலாறு அவர்களுக்கு இன்னும் பெருங்கடன் பட்டிருக்கிறது.

பவெல் 2003 பிப்ரவரி 5 அன்று ஐநா பாதுகாப்பு அவையில் ஆற்றிய உரையில், லாரிகளில் இயங்கும் உயிரியல் ஆயுத ஆய்வகங்கள் ஈராக்கிடம் இருப்பதாகக் கூறியது, 'கர்வ்பால்' என்ற மறைபெயரிட்டு அழைக்கப்பட்ட ஈராக்கிய அகதி ஒருவர் ஜெர்மானியப் புலனாய்வுத் துறைக்குச் சொன்ன கதையையே பெரிதும் நம்பி நின்றது. போருக்கு முன் சிஐஏ விசாரணையாளர்கள் அவரை நேரில் கண்டதே இல்லை. அவர் நம்பத்தக்கவரா என்ற ஐயம் ஜெர்மானியர்களுக்கே இருந்தது. தாம் சொன்னது பொய் என்று 2011-இல் அவரே கார்டியன் நாளிதழிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் பவெலின் உரைக்கு மறுநாளே வாஷிங்டன் போஸ்ட்டின் தலையங்கம் அச்சான்றுகளை மறுக்கமுடியாதவை என்று தீர்ப்பளித்துவிட்டது. சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராடே, ஈராக் நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டும் ஆவணங்கள் போலியானவை என்றும், குழாய்கள் மையவிலக்குக் கருவிக்கானவை என்பதற்குச் சான்றில்லை என்றும் மார்ச் 7 அன்று அதே அவையில் அறிவித்தபோது, அதற்கு அந்த வரவேற்பு இல்லை.

வாஷிங்டன் போஸ்ட்டின் அனுபவம் மிக்க செய்தியாளர் வால்டர் பிங்கஸ், ஈராக்கின் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கான திட்டவட்டமான தகவல் அமெரிக்கப் புலனாய்வுத் துறைகளிடம் இல்லை என்று எழுதிய செய்தி, போர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 16 அன்று, முதல் பகுதியின் 17-ஆம் பக்கத்தில் வெளியாயிற்று. 2002 ஆகஸ்டு முதல் போர் தொடங்கிய நாள் வரை, அரசின் வாதங்களை மையமாகக் கொண்ட 140-க்கும் மேற்பட்ட செய்திகள் அந்நாளிதழின் முதல் பக்கத்தில் வந்திருந்தன என்பதை அதன் ஊடகச் செய்தியாளர் ஹோவர்ட் கர்ட்ஸ் 2004 ஆகஸ்டில் கணக்கிட்டு எழுதினார். பிங்கஸின் செய்தி மறைக்கப்படவில்லை. தணிக்கை செய்யப்படவும் இல்லை. தேடிப் படிப்பவருக்கு அது அச்சில் இருந்தது. சனநாயக நாட்டில் பரப்புரைக்கு இவ்வளவே போதும் என்பதுதான் இவ்வரலாற்றில் மிகவும் கவலைக்குரியது.

தொலைக்காட்சியில் வணிக அச்சமும் சேர்ந்துகொண்டது. எம்எஸ்என்பிசி தன் தொகுப்பாளர்களில் அதிகப் பார்வையாளர்களைப் பெற்றிருந்த ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை 2003 பிப்ரவரியில் நிறுத்தியது. போர்க்காலத்தில் அவர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்று உள்சுற்றறிக்கை ஒன்று கூறியிருந்தது பின்னர் வெளிவந்தது. அவருடைய குற்றம், போரை எதிர்ப்பவர்களையும் அழைத்துப் பேசவைத்தது.

கேமரா காட்டிய சதுக்கம்

போர் தொடங்கியதும் 600-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு இணைக்கப்பட்டனர். படையினரோடு உண்டு, உறங்கி, அவர்கள் வண்டியிலேயே பயணம் செய்து, அவர்கள் வகுத்த விதிகளுக்குக் கையெழுத்திட்டுச் செய்தி அனுப்பும் இம்முறை முன்னில்லாத அணுக்கத்தைத் தந்தது. ஆனால் துப்பாக்கியின் பின்னால் நிற்பவருக்குத் தெரியும் போர் வேறு, அதன் முன்னால் வாழ்பவருக்குத் தெரியும் போர் வேறு. தன் உயிரைக் காப்பவர்களைப் பற்றி ஒரு செய்தியாளர் கடுமையாக எழுதுவது மனித இயல்புக்கு எளிதன்று என்பதைப் பாதுகாப்புத் துறை நன்கு அறிந்திருந்தது.

பாக்தாதின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் ஏப்ரல் 9 அன்று சதாமின் சிலை வீழ்ந்த காட்சியைப் பார்க்காதவர் உலகில் குறைவு. அண்மைக் காட்சியில் சதுக்கம் நிறைந்த கூட்டம் தெரிந்தது. தொலைவிலிருந்து எடுத்த படங்களில், கூட்டம் சிலையடியில் மட்டும் இருக்க, சதுக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. சிலையைச் சாய்த்தது அமெரிக்க மரைன் படையினரின் மீட்பு வண்டி; இராணுவத்தின் உளவியல் நடவடிக்கைப் பிரிவு ஒலிபெருக்கியுடன் அங்கே இருந்ததை இராணுவத்தின் சொந்த ஆய்வே பின்னர் பதிவுசெய்தது. அன்று அக்காட்சியை ஃபாக்ஸ் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒருமுறையும் காட்டியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அங்கு மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி பொய்யன்று. கொடுங்கோலனின் வீழ்ச்சியை அவர்கள் உளமாரவே வரவேற்றனர். ஆனால் அந்தச் சட்டகம் போர் முடிந்துவிட்டது என்று சொன்னது, போரோ தொடங்கியிருந்தது. நிகழ்வின் ஒரு பகுதியைச் சுற்றி எல்லைக்கோடிட்டு, அதுவே முழுமை எனக் காட்டும் இச்செயலை ஊடக ஆய்வாளர்கள் 'சட்டகப்படுத்தல்' என்கின்றனர்.

அந்தச் சதுக்கத்தை நோக்கி நின்ற பாலஸ்தீன் விடுதியில்தான் பெரும்பாலான வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்தனர். சிலை விழுவதற்கு முந்தைய நாள் அவ்விடுதியை அமெரிக்க டாங்கி சுட்டதில் ராய்ட்டர்ஸின் தராஸ் புரோத்சியூக், ஸ்பானியத் தொலைக்காட்சியின் ஹோசே கௌசோ என்ற இரு ஒளிப்பதிவாளர்களும், அதே நாளில் அல் ஜசீராவின் பாக்தாத் அலுவலகம் அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு உள்ளானதில் தாரிக் அய்யூப் என்ற செய்தியாளரும் உயிரிழந்தனர். மறுநாள் சிலையின் காட்சிக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்கும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இத்தனையும் சேர்ந்து மக்கள் மனத்தில் விளைவித்தது என்ன என்பதை மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பிபா என்ற ஆய்வு நிறுவனம் 2003 அக்டோபரில் வெளியிட்டது. பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டன, ஈராக்குக்கும் அல் காய்தாவுக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டது, உலக மக்கள் போரை ஆதரித்தனர் என்ற மூன்று தவறான நம்பிக்கைகளில் ஒன்றையேனும் கொண்டிருந்தோர், ஃபாக்ஸ் செய்தியை முதன்மையாகப் பார்த்தவர்களில் 80 விழுக்காட்டினர். பொது நிதியில் இயங்கும் ஊடகங்களை நம்பியவர்களில் 23 விழுக்காட்டினர். நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று தன் பத்தாம் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பொன்றை வெளியிட்டு, தன் ஈராக் செய்திகளில் பல போதிய கடுமையுடன் ஆராயப்படவில்லை என ஒப்புக்கொண்டது. அக்குறிப்பு நேர்மையானது, பாராட்டத்தக்கது. ஆயினும் முதல் பக்கத்தில் செய்த பிழைக்குப் பத்தாம் பக்கத்தில் திருத்தம் என்பது, பிழைக்குக் காரணமான அதே அளவுகோலையே திருத்தத்துக்கும் பயன்படுத்தியதாகும். அதற்குள் போர் ஓராண்டைக் கடந்திருந்தது. பதிவான ஈராக்கியக் குடிமக்களின் மரணங்கள் மட்டுமே பின்னர் ஓர் இலட்சத்தைத் தாண்டின.

அரசே ஊடகங்களின் வாயை அடைக்கும் ரஷ்யாவில் நிலைமை வேறு. உக்ரைன் மீதான படையெடுப்பைப் போர் என்று எழுதுவதையே ஆபத்தாக்கி, இராணுவம் பற்றிய 'பொய்ச் செய்தி'க்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை என 2022 மார்ச்சில் அங்கே சட்டம் வந்தது. அவ்வகை ஒடுக்குமுறையை அடையாளம் காண்பது எளிது, கண்டிப்பதும் எளிது. சிறை அச்சம் எதுவுமின்றி, விருதுகள் பெற்ற செய்தியாளர்களால், சுதந்திரமான நாளிதழ்களில் அதே ஒருமித்த குரல் எழும்போது அடையாளம் காண்பதுதான் கடினம்.

தமிழ்ச் செய்தி மேசைக்கு வரும்போது

தமிழ் வாசகருக்கு உலக அரசியல் பெரும்பாலும் ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகிய மேற்கத்திய செய்தி நிறுவனங்களின் வழியாகவும் அவற்றைப் பெற்றுத்தரும் இந்திய நிறுவனங்களின் வழியாகவுமே வந்து சேர்கிறது. இச்சமனின்மையை யுனெஸ்கோ அமைத்த ஷான் மக்பிரைடு ஆணையம் 1980-இலேயே விரிவாக ஆராய்ந்தது, இந்தியாவின் பி.ஜி. வர்கீஸ் அதன் உறுப்பினர்களில் ஒருவர். செய்திப் பரிமாற்றத்தில் புதிய ஒழுங்கு வேண்டும் என்ற கோரிக்கை, அரசுகள் அதைத் தணிக்கைக்குச் சாக்காக்கும் என்ற எதிர்ப்பிலும், பல காரணங்களைக் கூறி 1984 இறுதியில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவைவிட்டு வெளியேறியதிலும் கரைந்துபோயிற்று. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆணையம் சுட்டிய குறை அப்படியே நிற்கிறது.

செய்தி நிறுவனங்களின் நடை, மிக முக்கியமானதை முதல் பத்தியிலும் அடுத்தடுத்த நிலையினதைக் கீழ்நோக்கியும் அடுக்கும் தலைகீழ்ப் பிரமிடு வடிவம் கொண்டது. அதில் அதிகாரியின் கூற்று மேலே இருக்கும். அதை மறுக்கும் வல்லுநரின் கருத்து பெரும்பாலும் கடைசிப் பத்திகளில் இருக்கும். இரவுப் பதிப்பு மூடும் நேரத்தில் அறுநூறு சொல் செய்தியை நூற்றைம்பது சொல்லில் தமிழாக்கவேண்டிய உதவி ஆசிரியர் கீழிருந்து வெட்டுகிறார், ஏனெனில் அவ்வடிவம் கீழிருந்து வெட்டுவதற்கென்றே அமைந்தது. தலைப்புக்கு இடம் போதாதபோது 'என்று அமெரிக்கா கூறுகிறது' என்ற பகுதியும் உதிர்கிறது. வாஷிங்டனில் 17-ஆம் பக்கத்திலாவது இருந்த ஐயம் இங்கே எந்தப் பக்கத்திலும் இல்லாமற்போவது இவ்வாறுதான். அதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை. வெளிநாட்டு நிருபர்களை அமர்த்தும் வசதி தமிழ் இதழ்களுக்கு விரைவில் வாய்க்கப்போவதில்லை. எனினும், போரும் ஆயுதமும் பற்றிய செய்திகளிலேனும் கடைசிப் பத்திகளை முதலில் படித்து, மறுப்பு ஏதும் இருந்தால் அதை இரண்டாம் பத்திக்கு ஏற்றி, கூற்றுக்கு உரியவரின் பெயரையோ பெயரின்மையையோ தலைப்பிலேயே வைப்பதற்கு எந்த நாட்டுத் தலைநகரிலும் அலுவலகம் தேவையில்லை. செய்தி ஆசிரியர் ஒருவர் தம் மேசைக்கு எழுதித் தரும் ஒரு பக்க விதியும், அதைக் கடைப்பிடிக்க இரவுப் பணியில் கூடுதலாக ஓர் ஆளும் போதும்.